மஞ்சள் பிடிக்காத தண்ணீர்

மீனாம்பாள் நூல் சிட்டத்தை இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் மாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நூல் ஓரிடத்தில் தலைமுடிபோல மெலிந்தும், ஒரு சாண் தள்ளி விளக்குத் திரிபோலப் பருத்தும் ஓடியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக லுங்கி நெய்கிறவள். மில் நூலைத் தவிர வேறெதுவும் அவள் தறியில் ஏறியதில்லை. ராட்டையில் நூற்ற கைநூலை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டாள்.

"இத நூத்த பொம்பள பாதியில யாரோடயோ சண்ட போட்டுக்கினு இருந்திருக்குது" என்றாள்.

பூவரசன் அடுப்படியில் முள்ளுக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தான். சிரித்தான். அவன் வீட்டில் சமைக்க ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் இருபத்தாறு வருஷம் ஆம்பூரில் நயீம் அகமதுவின் டேனரியில் பட்டைக் குழியில் வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் ஆட்டுத்தோலைப் போட்டு எடுத்துப் பதமாக்குகிற வேலை. வாங்குகிறவர்கள் எல்லோரும் குரோம் ரசாயனத்தில் பதமான தோலே கேட்க ஆரம்பித்ததும் பட்டைக் குழிகளை மூடிவிட்டார்கள். குரோம் பக்கம் வரச் சொன்னார் முதலாளி. ஒரு மாதம் போய்ப் பார்த்தான். முழங்கை வரை அரிப்பெடுத்துப் புண்ணானது. நின்றுவிட்டான். வீட்டில் அவன் யாரையும் குறை சொல்லவில்லை. கறிகாய் நறுக்கினான், துணி துவைத்தான், ஓடாத கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டினான், டிவிஎஸ் வண்டியைத் தினமும் துடைத்தான். மகள் பாரதி ஓசூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். ஒருநாள் சாப்பிடும்போது அவன் உள்ளங்கையை மீனாம்பாள் கவனித்தாள். கல்யாணமான நாள் முதல் அந்தக் கையில் இருந்த பட்டைக் கறை போய், சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அந்த நேரத்தில்தான் முபஷ்ஷிரா வந்தாள். நயீம் அகமதுவின் இளைய மகள். முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னையில் டிசைன் படித்துவிட்டு வந்து, பட்டையில் பதப்படுத்திய தோலையும் கைத்தறித் துணியையும் சேர்த்துப் பை தைத்து விற்கப் போவதாகச் சொன்னாள். பட்டையைப் பற்றி விவரம் கேட்கப் பூவரசனைத் தேடி ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வந்தவள், கூடத்தில் தறியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தோலுக்குப் போடுகிற அதே கடுக்காய், அதே ஆவாரம் நூலுக்கும் சாயம் கொடுக்கும் என்று தான் படித்ததைச் சொன்னாள். பூவரசன், நூலுக்குப் போட்டதில்லை, ஆனால் தன் வேட்டி பூராவும் அதில்தான் சாயம் ஏறியது என்றான். அரை மீட்டர் அளவில் பத்து சாம்பிள் துணி வேண்டும், நூல் கைநூலாக இருக்க வேண்டும், அதை நானே அனுப்புகிறேன், சாயம் எல்லாம் பட்டை, பூ, வேர், காய் என்றுதான் இருக்க வேண்டும், என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள், டெல்லியில் நடக்கிற கண்காட்சிக்கு எடுத்துப்போக வேண்டும் என்றாள். நாலு வாரம் டைம்.

மீனாம்பாளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்கு லுங்கிக்குப் பாவு நூல் கொடுக்கிறவர் அவளுடைய அண்ணன் சாமிநாதன். அதே தறிக்காரத் தெருவில் மேற்குக் கோடியில் வீடு. பத்துத் தறிக்குப் பாவு கொடுத்து லுங்கி வாங்குகிறவர். அடுத்த பாவு தயாராக இருந்தது. இந்த முறை வேண்டாம், ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல அவரிடம் போனாள்.

வாசலில் நின்றபடிதான் பேசினாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அவள் பூவரசனைக் கட்டிக்கொண்டு ஆம்பூர்க் காலனிக்குப் போனபோது இந்தத் தெருவே கதவைச் சாத்தியது. ஆறு வருஷம் கழித்து இருவரும் குடியாத்தம் வந்து தெருவின் கிழக்குக் கோடியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அவள் நெசவில் கை சுத்தம் என்பதால் சாமிநாதன் பாவு கொடுக்க ஒப்புக்கொண்டார். அவள் வாசல் வரை வரலாம். பூவரசன் அந்த வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. வா என்று யாரும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. வியாபாரி தேதி போட்டிருக்கிறான், நீ இந்தப் பாவை விட்டால் வேறு வீட்டுக்குத்தான் போகும், அடுத்ததும் அவங்களுக்கே போய்விடும் என்று சாமிநாதன் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மீனாம்பாள் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் சொன்னதைப் பூவரசனிடம் சொல்லவில்லை.

பூவரசன் மறுநாளே பேர்ணாம்பட்டுக்குப் போய் ஆபித் பாஷாவின் கடையில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்கிவந்தான். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேரும் படிகாரமும் வாங்கினான். வழியில் வண்டியை நிறுத்தி ரோட்டோரத்து ஆவாரம்பூவைப் பை நிறையப் பறித்துவந்தான். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கித் தருகிறவர். அவர் தன் சின்ன தேக்சாவைக் கொடுத்தார். முதலில் மஞ்சள் போடலாம் என்று மீனாம்பாள் சொன்னாள். மஞ்சளில் ஆரம்பித்தால் நல்லது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

நூலைச் சோடாவில் கொதிக்கவைத்து அலசினார்கள். கடுக்காய்த் தூள் ஊறிய நீரில் போட்டுப் புரட்டினார்கள். அங்கே வெண்ணெய் நிறம் வர வேண்டும், பிறகு படிகாரத்திலும் ஆவாரம்பூக் கஷாயத்திலும் போட்டால் மஞ்சள் எழும்பி நிற்க வேண்டும் என்று முபஷ்ஷிரா சொல்லியிருந்தாள். பூவரசன் குச்சியால் சிட்டத்தைத் தூக்கினான். நூல் சாம்பல் பூத்துக் கறுத்திருந்தது. பூக் கஷாயத்தில் போட்டதும் அழுக்குப் பச்சையானது.

"எலி நெறம்" என்றாள் மீனாம்பாள்.

பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அதைக் கேட்டு அன்வரி பேகத்துக்கு வருத்தம். அந்த தேக்சாவுக்குப் போன மாதம்தான் ஈயம் பூசியது, ஐந்நூறு பேருக்குச் சோறு போட்ட பாத்திரம், உங்கள் நூலுக்கு ஆகவில்லையா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எவர்சில்வர் அண்டாவில் போட்டார்கள். அதே நிறம். படிகாரத்தைக் கூட்டிப் போட்டான் பூவரசன். இன்னும் மோசம். நாலாவது சிட்டமும் கெட்டபோது மீனாம்பாள் அண்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், வுடுங்க. இருக்கறதே இருபது சிட்டம். நாலு போச்சு."

"ஒரு தபா, கொதி கம்மி பண்ணிப் பாக்கறேன்."

"கொதியில ஒண்ணும் இல்ல. உங்களுக்குத் தோலு தான் தெரியும், நூலு தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. பூவரசன் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தான். கை கழுவினான். தோட்டத்துக் கல்லில் போய் உட்கார்ந்து அடிபம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மாசி வெயில் தலையில் விழுந்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. மீனாம்பாள் உள்ளே வந்து ஊடுநூலுக்குத் தார் சுற்ற உட்கார்ந்தாள். கை ஓடவில்லை.

அரைமணி நேரம் கழித்து அவன் உள்ளே வந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தான். அதில் அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் கட்டையில் வைத்தான். தெளிந்த கடுக்காய் நீரை ஒரு கரண்டி அதில் ஊற்றினான்.

"மீனா, இங்க வா."

அவள் வந்து நின்றாள். டம்ளரில் தண்ணீர் மெல்லக் கலங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பாய்ந்து, பிறகு மைபோலக் கறுத்தது.

"தண்ணியில இரும்பு" என்றான். "டேனரி ஷாப்புல தண்ணி டேங்கர் வந்தா மேஸ்திரி மொதல்ல இதத்தான் பண்ணுவாரு. ஒரு கிளாஸ் தண்ணியில கடுக்காத் தண்ணி வுடுவாரு. கறுத்துச்சின்னா வண்டியத் திருப்பி அனுப்பிடுவாரு. அந்தத் தண்ணிய வுட்டா தோலெல்லாம் கறுப்புத் திட்டு வுழுந்திடும். இருபத்தாறு வருசம் பாத்திருக்கறேன். வூட்டுத் தண்ணியாச்சேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

மீனாம்பாள் டம்ளரை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். "பேனாவுல ஊத்தி எழுதலாம் போல இருக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள்.

"நீ சொன்னது சரிதான். தோலுல தெரிஞ்சது நூலுக்கும் ஆவுதா பாப்போம்."

மறுநாள் விடிந்ததும் விரிஞ்சிபுரத்துக்கு வண்டியை விட்டான். பாலாற்றங்கரையில் டேனரியில் கூட வேலை செய்த பழைய தோழன் ஒருவன் வீடு. இரண்டு கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வந்தான். அந்தத் தண்ணீரில் போட்ட சிட்டம் மஞ்சளாக வந்தது. ஒரு சிட்டம்தான், ஆனாலும் கொடியில் அது தொங்கியபோது அன்வரி பேகம் கூடக் கோபத்தை விட்டுச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். தன் பாத்திரத்தின் மேல் தப்பில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

ஆனால் தினமும் விரிஞ்சிபுரம் போய்வர முடியாது. ஒரு சிட்டத்துக்கு ஊறவைக்க, கொதிக்கவைக்க, மூன்று தண்ணீர் அலச என்று நாலு கேன் போகிறது. கடையில் விற்கிற கேன் தண்ணீரிலும் ஒரு சிட்டம் போட்டுப் பார்த்தான். நிறம் வந்தது, சோகை பிடித்ததுபோல. அதிலேயே அலசவும் கட்டாது. தெருவிலேயே நல்ல தண்ணீர் இருக்கும் என்று பூவரசன் சொன்னான். வீட்டுக்கு வீடு ஆழம் வேறு, ஊற்று வேறு. எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்து வா என்றான்.

அன்று சாயங்காலம் மீனாம்பாள் காலி பாட்டில்களைக் கூடையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதற்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. அரசாங்கத்திலிருந்து தண்ணீர் சோதிக்கச் சொன்னார்களா என்றாள் ஒருத்தி. எங்கள் வீட்டு ரசம் ஏன் கறுக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றாள் இன்னொருத்தி. பாட்டில்களில் வீட்டுக்காரர் பெயரைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள். கடைசியாக மேற்குக் கோடிக்கு வந்தபோது சாமிநாதன் வீட்டில் இல்லை. அண்ணி வாசலுக்கு வந்து பாட்டிலை வாங்கிப் போய் நிரப்பித் தந்தார். அந்த ஒரு பாட்டிலில் அவள் எதுவும் எழுதவில்லை.

பன்னிரண்டு டம்ளர், கிண்ணம், மூடி என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீரை ஊற்றி வரிசையாக வைத்தான் பூவரசன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கடுக்காய் நீர். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்று உடனே கறுத்தது. மூன்று நாலு சாம்பலானது. மற்றவையும் யோசித்து யோசித்துக் கறுத்தன. கடைசியில் ஒன்றே ஒன்று, தேன் கலந்த வெந்நீர்போல அப்படியே நின்றது. பூவரசன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அவன் முகம் மலர்ந்ததை அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தாள்.

"இது யாரு வூட்டுத் தண்ணி? பேரு போடலியே."

மீனாம்பாள் மற்ற டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"மீனா."

"எங்க அண்ணன் வூடு. தோட்டத்துக் கெணறு."

அவன் டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்தான். "அங்க கெணறு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது" என்றான். வருத்தமாகச் சொன்னானா சாதாரணமாகச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேறு வழி பார்க்கலாம் என்றாள் அவள். வாரம் இரண்டு தடவை விரிஞ்சிபுரம் போகலாம், நாட்றம்பள்ளியில் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றாள். பூவரசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, கேட்டால் கொடுப்பாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டான். கொடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். எப்படிக் கொடுப்பார் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை போய்க் கேட்டாள். தண்ணிக்கு இன்னா, ஊறிக்கினே இருக்குது, எடுத்துக்க என்றார் சாமிநாதன். அவள் திரும்பிவந்து சொல்ல, பூவரசன் நாலு கேனை வண்டியில் கட்டினான். சாமிநாதன் வீட்டுக்குப் பக்கவாட்டில் சந்து உண்டு. அதன் கோடியில் தகரக் கதவு, உள்ளே தோட்டம், கிணறு. பூவரசன் வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டான். மீனாம்பாள் இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாமிநாதன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே வாளியை இறக்கினார். மழை நன்றாகப் பெய்த வருஷம். தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் மின்னியது. இருந்தாலும் அவருக்கு அறுபது வயது. இரண்டு கேன் நிரம்புவதற்குள் மூச்சு வாங்கியது. மீனாம்பாள் கயிற்றைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு கேனு இருக்குதுணா. அவரு முனையிலதான் நிக்கிறாரு. வந்து மொண்டாருன்னா நிமிசத்துல ஆய்டும்."

"நான் மொண்டு குடுக்கறேன் இல்ல. நீ கொண்டுபோய் அவுரு கையில குடு."

"தினமும் நீ மொள்ளுவியா? நாளைக்கும் வேணும். இருபது நாளு வேணும்."

"ஆள வெச்சி மொண்டு வெக்கறேன்."

மீனாம்பாள் நிரம்பிய கேன்களைப் பார்த்தாள். மூடியைத் திருகித் திறந்தாள். கேனைச் சாய்த்துத் தண்ணீரை வாழைப் பாத்தியில் விட்டாள். ஒன்று காலியானதும் அடுத்ததை எடுத்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் சாமிநாதன்.

"வேணாம்ணா. இந்த நூலுக்கு நெறம் போடறது அவரு. தெரு பூரா தண்ணிய வெச்சிக்கினு இந்தத் தண்ணிதான் நல்ல தண்ணின்னு கண்டுபிடிச்சதும் அவரு. அவரு கை இந்தக் கயித்துல படக்கூடாதுன்னா, அந்தத் தண்ணிய நான் எந்த மூஞ்சியோட கொண்டுபோய் அவருக்குக் குடுப்பேன்? இத்தினி வருசம் வாசல்ல நின்னுட்டுப் போனேன். அது எனக்கு. அவருக்கு அது வேணாம்."

அவள் குரல் உயரவில்லை. இரண்டாவது கேனையும் பாத்தியில் கவிழ்த்தாள். சாமிநாதன் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். வாளி உள்ளே பாதியில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மிக்ஸி ஓடி நின்றது. பின்கட்டு வாசலில் அண்ணி வந்து நின்று பார்த்தார். சாமிநாதன் அவரைப் பார்த்தார், பிறகு வாழைப் பாத்தியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"கூப்புடு" என்றார்.

பூவரசன் மீதி இரண்டு கேனோடு தகரக் கதவருகில் வந்து நின்று செருப்பைக் கழற்றப் போனான்.

"போட்டுக்கினே வாங்க" என்றார் சாமிநாதன். "எலுமிச்ச முள்ளு கெடக்குது."

இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பூவரசன் செருப்போடு வந்தான். கயிற்றை வாங்கிக்கொண்டான். பத்து வாளி இறைத்து நாலு கேனையும் நிரப்பினான். பட்டைக் குழியிலிருந்து ஈரத் தோலை அள்ளித் தூக்கிய தோள். அவனுக்கு அது வேலையாகவே இல்லை. பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கடுக்காய் நீர் இருந்த சின்னச் சீசாவை எடுத்து, வாளியில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டான். சாமிநாதன் தன்னையறியாமல் கிட்டே வந்து குனிந்தார். இது என்ன என்று கேட்டார். பூவரசன் சொன்னான். மற்ற பதினொரு வீட்டுத் தண்ணீரும் கறுத்த கதையைக் கேட்டபோது சாமிநாதனின் முகத்தில் ஒரு மிதப்பு வந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. இது நாற்பதடிக் கிணறு, எட்டடிக்குக் கீழே பாறை, பாறைக்குள்ளிருந்து ஊற்று என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கிளம்பும்போது மீனாம்பாளிடம், கைநூல் பாவுக்குச் சாதாரணக் கஞ்சி பத்தாது, பச்சரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி நல்லெண்ணெய் நாலு சொட்டு விடு, நிழலில் உலர்த்து என்றார்.

அதற்குப் பிறகு வந்த பதினெட்டு நாளும் அந்த வீட்டில் நல்ல நாட்கள்தான்.

பூவரசன் காலையில் தண்ணீர் கொண்டுவருவான். மத்தியானத்துக்குள் தோட்டத்துக் கொடியில் ஏதாவது ஒரு நிறம் தொங்கும். ஆவாரம்பூவில் மஞ்சள் வந்தது. பட்டையில் புதுச் செங்கல்லும் வெல்லமும் கலந்தாற்போல ஒரு பழுப்பு வந்தது. மஞ்சிட்டி வேர் முதல் நாள் காவியாகவும், சூட்டைக் குறைத்து மெதுவாக ஏற்றியபோது மாதுளை முத்துச் சிவப்பாகவும் வந்தது. பாரதியின் பழைய நோட்டு ஒன்றில் எத்தனை பிடி பூ, எவ்வளவு நேரம் கொதி, எந்தத் தண்ணீர் என்று எழுதிவைத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டு நூலை முடிந்து கட்டினான். பொழுது சாயும் நேரத்தில் கை கழுவிவிட்டு உள்ளே வருவான். உள்ளங்கை திரும்பவும் பழுப்பேறியிருந்தது. கேழ்வரகுக் களியை அந்தக் கையால் உருட்டி அவள் தட்டில் வைப்பான்.

தறியில் மீனாம்பாளுக்கு முதல் மூன்று நாள் அழுகை வந்தது. பாவு என்கிற நீளவாட்டு நூல் முழுதும் சாயம் போடாத கைநூல். மிதித்தால் அறுந்தது. முடிச்சுப் போட்டால் பக்கத்து இழை அறுந்தது. கஞ்சியை மறுபடி காய்ச்சிப் போட்டாள். லுங்கி நெய்கிற வேகத்தில் கால் போகக் கூடாது என்று நாலாம் நாள்தான் அவளுக்குப் பிடிபட்டது. காலைத் தூக்காமல் அமுக்கி, தார் வைத்த நாடாவை எறியாமல் தள்ளிவிட்டு, பலகையை அடிக்காமல் சாத்தி, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி நெய்தாள். துணி வந்தது. பருத்த இழை ஓரிடத்தில் மேடாக நின்றது. மெல்லிய இழை பக்கத்தில் பள்ளமாகப் படுத்தது. கையால் தடவினால் துணிக்கு உடம்பு இருந்தது.

லுங்கியில் ஒரு கட்டம் அரை விரல்கடை தவறினால் பீஸைத் தள்ளிவிடுவார்கள். இங்கே என்ன வேண்டுமானாலும் செய்து பார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் ஆசை பிடித்துக்கொண்டது. மஞ்சளில் இரண்டு ஓட்டம், பழுப்பில் ஒரு ஓட்டம் போட்டாள். சிவப்பைப் பருத்த நூலில் மட்டும் போட்டு, மெல்லியதைச் சாயமில்லாத கோராவாக விட்டாள். கெட்டுப்போன நாலு சிட்டத்தையும் எடுத்து, அதில் ஒரு சாம்பிள் முழுக்க நெய்தாள். எலி நிறம் என்று அவள் சொன்னது தறியில் ஏறியதும் மழைக்கு முந்தின வானம்போல ஆனது. பூவரசன் அதைப் பார்த்துவிட்டு, அப்போ நம் வீட்டுத் தண்ணீரும் ஒன்றுக்கு ஆகிறது என்றான். கடைசிச் சாம்பிளுக்கு நூல் பத்தவில்லை. தாரில் மிஞ்சிய எல்லா நிறத்துத் துண்டையும் முடிந்து முடிந்து போட்டு நெய்து முடித்தாள்.

முபஷ்ஷிரா சொன்ன தேதிக்கு வந்தாள். பத்தையும் கட்டிலில் விரித்தார்கள். அவள் ஆகா ஓகோ என்று சொல்கிறவள் இல்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்தாள், கசக்கினாள், ஓரத்தை இழுத்தாள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சளும் பழுப்பும் சாம்பலும் ஒட்டவில்லை. சிவப்பு கைக்குட்டையில் ஒட்டியது.

"சிவப்பு இப்படிப் போனா கொண்டுபோக முடியாது, அண்ணா."

"மூணு நாளு குடுங்க மேடம். அலசறது பத்தல. எனக்குத் தெரியுது."

"மேடம் வேணாம்னு எத்தன வாட்டி சொல்றது. மூணு நாள்ல நானே வந்து எடுத்துக்கறேன்."

இரண்டு சாம்பிளில் ஓரம் சுருண்டிருந்தது. அவற்றை அவள் தள்ளிவைத்தாள். மீனாம்பாளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சிவப்பு நீங்கலாக மற்றவற்றை முபஷ்ஷிரா மெல்லிய தாளில் சுற்றினாள். ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு சீட்டுப் போக வேண்டும், விவரம் சொல்லுங்கள் என்று போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நூல், கைநூல். சாயம், பூவரசன். நெசவு, மீனாம்பாள். ஊர், குடியாத்தம்.

"தண்ணின்னு ஒரு வரி போடுங்க" என்றான் பூவரசன்.

முபஷ்ஷிரா நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீருக்கெல்லாம் யாரும் சீட்டில் போடுவதில்லையே என்றாள். இதே பூ, இதே காய், இதே கை, அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்த மஞ்சள் இல்லை என்று பூவரசன் எடுத்துச் சொன்னான். நோட்டைத் திறந்து இரண்டு நூல் துண்டையும் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிணற்றுக்காரர் பெயர் என்ன என்று கேட்டாள். மீனாம்பாள் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்தான் பெயரைச் சொன்னான்.

மூன்றாம் நாள் சிவப்பு ஒட்டவில்லை. பங்குனி பிறந்து பத்தாம் நாள் டெல்லியிலிருந்து செய்தி வந்தது. மூன்று சாம்பிளை எடுத்துக்கொண்டார்கள். மஞ்சளும் பழுப்பும் சேர்ந்த ஒன்று, சிவப்பில் ஒன்று, மீதித் துண்டுகளை முடிந்து நெய்த அந்தக் கடைசி ஒன்று. மூன்றும் சேர்த்து அறுபது மீட்டர், ஆடிக்குள் வேண்டும். அந்தக் கடைசித் துணியை இருபது மீட்டர் எப்படி நெய்வது என்று மீனாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பூவரசன், வேண்டுமென்றே துண்டு துண்டாகச் சாயம் போட்டுத் தருகிறேன் என்றான். அன்றைக்கு வெகுநேரம் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் செருப்புச் சத்தம். சாமிநாதன் வந்திருந்தார். தோளில் லுங்கிப் பாவு. அவர் அந்த வீட்டு வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. மீனாம்பாள் தறியில் இருந்தாள். புதுப் பாவை இணைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்தால் இழை குழம்பிவிடும்.

போன பாவை வாங்கின வீட்டுக்கு இதைக் கொடுக்கவில்லை, அவர்கள் நெசவு தட்டுக்கெட்டு இருக்கிறது, தறி காலியானால் ஏற்றிக்கொள்வாய் என்று வைத்திருந்தேன் என்றார். அறுபது மீட்டர் வந்திருப்பதை மீனாம்பாள் சொன்னாள். ஆடி வரைக்கும் ஆகாது என்றாள். சாமிநாதன் பாவைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். நல்ல கை போனால் எனக்குத்தான் கஷ்டம் என்று முனகினார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. பூவரசன் நாற்காலியை நிலைப்படிக்கு உள்பக்கமாகப் போட்டான். அவர் நாற்காலியைப் பார்த்தார். படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பூவரசன் அலமாரியிலிருந்து முபஷ்ஷிரா அனுப்பிய சீட்டை எடுத்துக் கொடுத்தான். கெட்டி அட்டையில் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் தமிழிலும் அச்சடித்தது. சாமிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிட்டத்தில் இழை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் ரொம்ப நேரம் நின்றார். மீனாம்பாள் கையிலிருந்த இழையை முடிச்சுப் போடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமினாதன்னு போட்டிருக்குது" என்றார். "தப்பு. சின்ன ன போட்டிருக்காங்க. தந்நகரம் வரணும்."

பூவரசன் பேனாவை எடுத்துவந்து, அட்டையை அவர் முழங்கால் மேலேயே வைத்து அந்த ஓர் எழுத்தைத் திருத்தினான்.

"அச்சுல மாத்தச் சொல்றேன் மச்சான்."

அந்த உறவுச் சொல்லை அவனும் அதுவரை சொன்னதில்லை. சாமிநாதன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாத்தச் சொல்லுங்க. அறுபது மீட்டருக்கும் இது கூடப் போவுமில்ல? சரியா இருக்கணும்" என்றார். அட்டையைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கழுத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, "வெயிலு இப்பவே இப்பிடி அடிக்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

மீனாம்பாள் இழையை விட்டுவிட்டு எழப்போனாள்.

"நீ எழுந்திரிக்காத. பாவு குழம்பிடும்" என்றார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். "அவுரு குடுப்பாரு. எப்பிடியும் எங்க கெணத்துத் தண்ணிதானே."

பூவரசன் உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தான். சாமிநாதன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சொம்பை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.